லைட் கம்பத்தில் தொங்கும் பெட்டி யாருடையது?

பிப்ரவரி 8, கேள்வி

அண்ணா, நாங்க சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு உள்தெருவில் இருக்கோம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால், வீட்டுக்கு எதிர் லைட் கம்பத்தில் சாம்பல் நிறத்தில் புதுசா ஒரு பெட்டி. அடியில் இரண்டு ஆன்டெனா, ஒன்று நீளம், ஒன்று குட்டை. பேரும் இல்லை, நம்பரும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா 5ஜி டவர் என்கிறார். கீழ் வீட்டு அக்காவுக்கு அது வந்ததிலிருந்து தலைவலியாம். கேமரா என்று ஒருத்தர் சொல்கிறார். கழற்றச் சொல்லித் தெருவில் கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். படம் வைத்திருக்கிறேன். நீங்கள் வயர்லெஸ் லிங்க் போடுகிறவர், பார்த்துச் சொல்லுங்களேன்.

பிப்ரவரி 8, இரவு

தம்பி, படம் மங்கல். பரவாயில்லை. ஆன்டெனாவைக் கொஞ்சம் மறந்துவிட்டு ஒயரைப் பாருங்கள். பெட்டிக்குள் எத்தனை ஒயர் போகிறது, எங்கிருந்து வருகிறது, பகலில் ஏதாவது சின்ன விளக்கு எரிகிறதா? இவை தெரிந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி. கம்பத்தில் மட்டும் ஏறாதீர்கள். தெருவில் யாராவது ஏறப் போனாலும் தடுத்துவிடுங்கள்.

பிப்ரவரி 9

நேற்று சுருக்கமாகச் சொன்னதை விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியைச் சூரமங்கலத்திலும் கேட்டார்கள், கொண்டலாம்பட்டியிலும் கேட்டார்கள்.

கம்பத்தில் தொங்கும் பெட்டிகளில் பாதிக்கு மேல் வயர்லெஸ்ஸே கிடையாது. நான் முதலில் கேபிள் லைனில் வேலை பார்த்தவன், அதனால் இவை எனக்குப் பழக்கம். வெள்ளி நிற அலுமினியப் பெட்டி, முதுகில் வரிவரியாகத் தகடு, இரண்டு பக்கமும் தடித்த கறுப்பு கேபிள் திருகி மாட்டியிருந்தால் அது கேபிள் டிவி ஆம்ப்ளிபையர். அதற்குப் பெரும்பாலும் அந்தக் கேபிள் வழியாகவே அறுபது வோல்ட் அளவில் கரண்ட் போகும், அதையும் தொடக்கூடாது. கறுப்பு உருளை, அடியில் மெல்லிய கேபிள்கள் நுழைந்து பக்கத்தில் வளையமாகச் சுருட்டிக் கட்டியிருந்தால் பைபர் ஜாயின்ட். அதற்குக் கரண்டே தேவையில்லை, உள்ளே கண்ணாடி இழையும் அதை ஒட்டவைத்த தட்டும்தான். இந்த இரண்டையும் கழித்துவிட்டால் நம் ஊர்க் கம்பங்களில் சந்தேகப்பட மிஞ்சுவது கொஞ்சம்தான்.

உண்மையிலேயே வயர்லெஸ் என்றால் ஒயர்தான் காட்டிக்கொடுக்கும். மின்சார ஒயரோடு ஒரு பைபரும் உள்ளே போனால் அது நிறையத் தரவைக் கையாளும் கருவி. மொபைல் கம்பெனியின் சின்ன செல் (கம்பத்தில் வைக்கும் குட்டி டவர்), வைஃபை, கேமரா மூன்றும் இந்த வகை. மின்சார ஒயர் மட்டும் போய், ஒரு குட்டை ஆன்டெனாவும் இருந்தால், உள்ளே சிம் போட்டுக் கொஞ்சமாகப் பேசுகிற சாதனம். கம்பிக்குள் கரண்டும் தரவும் சேர்ந்து போகும் ஒற்றை நெட்வொர்க் கேபிள், மேலே தட்டையான வெள்ளைத் தகடோ சின்ன டிஷ்ஷோ இருந்தால், அது எங்களைப் போல இரண்டு இடங்களை இணைக்கிறவர்கள் வைப்பது.

பிப்ரவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

விட்டுப்போனது: வெப்பத் தகடு. முதுகில் வரித்தகடு இருந்தால் அந்தப் பெட்டி கரண்ட் நிறையக் குடிக்கிறது, சூடாகிறது என்று பொருள். தகடே இல்லாமல் மழமழவென்று பிளாஸ்டிக்கில் இருந்தால் ஒரு வாட், இரண்டு வாட்டில் ஓடுகிற சாதனம். சேலம் சித்திரை வெயிலில் நூறு வாட் கருவியைத் தகடில்லாத பிளாஸ்டிக்கில் அடைத்தால் ஒரு கோடைகூடத் தாங்காது. உங்கள் படத்தில் தகடு தெரியவில்லை. பெரியப்பா சொல்லும் 5ஜி என்பதை இந்த ஒரு அடையாளமே கிட்டத்தட்டத் தள்ளிவிடுகிறது. கம்பங்களில் சின்ன 5ஜி செல் வைக்க 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தியது உண்மைதான். ஆனால் அதற்குப் பைபர் வேண்டும், வெப்பத் தகடு வேண்டும், நேரத்தைத் துல்லியமாக வைத்துக்கொள்ள வெள்ளைக் காளான் போல ஒரு ஜிபிஎஸ் ஆன்டெனாவும் பெரும்பாலும் வேண்டும். உங்கள் கம்பத்தில் மூன்றும் காணோம்.

பிப்ரவரி 12

தம்பி திரும்ப வந்து சொன்னது: ஒயர் ஒன்றுதான், லைட்டுக்குப் போகும் அதே பைப்பிலிருந்து வருகிறது. பைபர் இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் பச்சைப் புள்ளி மினுக்குகிறது.

பகலில் மினுக்குவது முக்கியமான செய்தி. தெருவிளக்குகளை ஒரு ஸ்விட்ச் பாக்ஸிலிருந்து டைமர், கான்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் பெரிய ஸ்விட்ச்) வைத்து மொத்தமாகப் போட்டு அணைக்கும் தெருவில் பகல் முழுக்க விளக்கு ஒயரில் கரண்டே இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் பெட்டி பகலில் உயிரோடு இருந்தால் தனி லைன் கொடுத்திருக்கவேண்டும், அல்லது உள்ளே பேட்டரி இருக்கவேண்டும். இன்னொரு வாய்ப்பும் உண்டு. அந்தத் தெருவில் லைனை அணைப்பதையே நிறுத்திவிட்டு, ஒவ்வொரு விளக்கும் தன் தலையில் உள்ள சாதனம் சொன்னபடி எரிகிற ஏற்பாடாக மாறியிருக்கலாம்.

அதனால் அடுத்து விளக்குகளின் உச்சியைப் பாருங்கள். மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். ஒவ்வொரு எல்இடி விளக்கின் மேலும் மூடி போட்ட டப்பி மாதிரி வட்டமாக ஏதாவது இருக்கிறதா? அது திருகிப் பூட்டும் சாக்கெட்டில் உட்காரும். இருட்டினால் விளக்கைப் போடும் சாதாரண போட்டோசெல்லும் அதே சாக்கெட்டில்தான் உட்காரும். அதில் வெளிச்சம் நுழைய ஒரு சின்ன கண்ணாடிச் சன்னல் இருக்கும், நேர் வெயில் படாமல் அதை வடக்குப் பார்த்து வைப்பது வழக்கம். வயர்லெஸ் சாதனம் கொஞ்சம் உயரமாக இருக்கும். அடியில் இருக்கும் சாக்கெட்டிலும் வித்தியாசம் உண்டு: கரண்ட் தொடும் உலோக முனை மூன்று மட்டும் என்றால் போட்டு அணைக்கத்தான் முடியும், கூட நான்கு சிறிய முனை இருந்தால் வெளிச்சத்தைக் குறைக்கவும் முடியும்.

பிப்ரவரி 13

ஆன்டெனா நீளம் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். நீளத்தை வைத்து அலைவரிசையை ஊகிக்கலாம். முந்நூறை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும், எளிய ஆன்டெனா அதில் கால் பங்கு அல்லது அரைப் பங்கு. நம் நாட்டில் இந்த மாதிரிக் குறைந்த தூரக் கருவிகளுக்கு உரிமம் கேட்காமல் விட்டிருப்பது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ், பின்னால் 868 வரை நீட்டினார்கள். அதற்குக் கால் அலை எட்டரை சென்டிமீட்டரை ஒட்டி வரும், அரை அலை பதினேழு. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை மூன்று சென்டிமீட்டர்தான்.

ஆனால் இதை மட்டும் நம்பி முடிவு சொல்லமாட்டேன். பதினேழு சென்டிமீட்டர் என்பது 433 மெகாஹெர்ட்ஸின் கால் அலையும்தான். தவிர ரப்பர் உறைக்குள் கம்பியைச் சுருளாக்கி வைத்திருந்தால் வெளி நீளத்துக்கும் அலைக்கும் சம்பந்தமே இருக்காது. ஒயர் சொல்லும் சாட்சிக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பிப்ரவரி 15

தலைவலி விஷயம். அந்த அக்காவைப் பொய் சொல்கிறார் என்று யாரும் பேசாதீர்கள், வலி அவருக்கு உண்மை. ஆனால் காரணம் இந்தப் பெட்டியா என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

அந்த 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் சட்டம் அனுமதிக்கும் உச்சம், ஆன்டெனா கூட்டித் தருவதையும் சேர்த்து, நான்கு வாட். எட்டு மீட்டர் தள்ளி நிற்கும் ஆள்மீது அது சதுர மீட்டருக்கு 0.01 வாட்டுக்கும் கீழேதான் விழும். மொபைல் டவர்களுக்கு இந்தியா 2012 செப்டம்பரில் வரம்பைப் பன்னாட்டு அளவில் பத்தில் ஒரு பங்காக்கியது. அதன்படி இந்த அலைவரிசைக்குச் சுமார் 0.43 வாட். ஆக, உச்ச சக்தியில் இடைவிடாமல் பேசினாலும் வரம்பில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் அடங்கும். உண்மையில் இப்படிப்பட்ட பெட்டி எப்போதாவது ஒரு நொடிக்கும் குறைவாகப் பேசிவிட்டுச் சும்மா இருக்கும். காதில் வைக்கும் 4ஜி போன் உச்சத்தில் 0.2 வாட் வரை விடும், அது தலையோடு ஒட்டியே இருக்கிறது.

அக்காவைக் கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். புது எல்இடி விளக்கின் வெளிச்சம் படுக்கையறை சன்னலில் நேராக அடிக்கிறதா என்றும் பாருங்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் தலை வலிக்கும். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்: பெட்டியைக் கழற்றச் சொல்லி அலைவதைவிட விளக்குக்கு ஒரு மறைப்புத் தகடு போடச் சொல்லிக் கேட்பது அவருக்கு உடனே உதவக்கூடும்.

பிப்ரவரி 16

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒருவர் ஐந்தாறு படம் அனுப்பியிருக்கிறார். எல்லாமே கேபிள் ஆம்ப்ளிபையர். அதில் இரண்டில் கேபிளே அறுந்து தொங்குகிறது. வீடுகளுக்குப் பைபர் வந்த பிறகு பழைய தடித்த கேபிள் பல தெருக்களில் செத்துப்போய்விட்டது, பெட்டியைக் கழற்ற யாரும் வரவில்லை. மழைக்காலத்தில் ஒரு கிளாம்ப் துருப்பிடித்து அறுந்தால் கீழே போகிறவர் தலையில்தான் விழும். எனக்குக் கோபம் வருவது இதில்தான். உயிரோடு இருக்கும் பெட்டியைப் பார்த்துத் தெருவே பயப்படுகிறது, செத்த பெட்டியை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் இல்லை. அமெரிக்காவில் மெட்ரிகாம் என்ற நிறுவனம் 1990களில் ரிக்கோஷே என்ற வயர்லெஸ் இணையச் சேவையை நடத்தியது. வைஃபை பரவுவதற்கு முந்தைய காலம். தெருவிளக்குக் கம்பங்களில் செருப்பு டப்பா அளவு ரேடியோக்களை வரிசையாக மாட்டினார்கள். கரண்டை எடுத்தது எங்கிருந்து என்று பாருங்கள்: விளக்கின் போட்டோசெல் சாக்கெட்டிலிருந்து! நான் 12ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன அதே வகைச் சாக்கெட். 2001 ஜூலையில் நிறுவனம் திவாலானது. டென்வர், சான் டியேகோ இரண்டு ஊரில் மட்டும் வேறொருவர் வாங்கி மறுபடி ஓட்டினார்கள். மற்ற ஊர்களில் பெட்டிகள் கம்பத்திலேயே நின்றன, அது என்ன என்று மக்கள் பல காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரிக்கோஷே ஓடியது 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸில். அங்கே அது உரிமம் வேண்டாத பட்டை. இங்கே அதில் 915 வரை நம் போன்கள் டவரோடு பேசும் இடம். ஆன்லைனில் 915 என்று போட்ட ரேடியோ மாட்யூல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கித் தோட்டத்து மோட்டாருக்கு மாட்டுகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். ஒரு மாட்யூல் பக்கத்து டவரின் காதை அடைத்துவிடும். 865 என்று கேட்டு வாங்குங்கள்.

மார்ச் 2

தம்பியிடமிருந்து நல்ல தகவல். தெருவில் எல்லா விளக்கின் தலையிலும் வட்ட டப்பி இருக்கிறது, ஆனால் சாம்பல் பெட்டி அந்த ஒரு கம்பத்தில் மட்டும். தேர்வுக்குப் படித்துக்கொண்டு விழித்திருந்தபோது, இரவு பதினொன்றுக்கு மேல் எல்லா விளக்கும் ஒன்றாக மங்கியது, விடியற்காலை ஒன்றாகப் பிரகாசமானது.

போதும், விடை வந்துவிட்டது. டப்பிகள் விளக்கைக் கட்டுப்படுத்தும் சாதனங்கள். சாம்பல் பெட்டி அவற்றுக்கெல்லாம் பொதுவான வாசல். நீள ஆன்டெனா வழியாக விளக்குகளோடு பேசுகிறது, குட்டை ஆன்டெனா வழியாகச் சிம் மூலம் வெளியே பேசுகிறது. எந்த விளக்கு எரியவில்லை, எவ்வளவு யூனிட் ஓடியது, எப்போது மங்கவேண்டும் என்பதுதான் அதன் பேச்சு. ஸ்மார்ட் மீட்டர்களுக்கும் இதே மாதிரி வாசல் பெட்டி கம்பத்தில் வரும், ஆனால் அப்போது வீட்டு மீட்டர்கள் மாறியிருக்கும். உங்கள் தெருவில் பழைய மீட்டர்தான் என்கிறீர்கள்.

மார்ச் 3

நேற்று ‘போதும்’ என்று எழுதினேன். படுத்த பிறகு யோசித்தேன், இன்னொரு சோதனை செய்யலாமே என்று. அந்தப் பக்கம் இன்று ஒரு வேலை இருந்தது. மடிக்கணினியில் செருகும் சின்ன ரிசீவரோடு தெரு முனையில் நின்று 865 பட்டையைப் பார்த்தேன். திரையில் சாய்வான கோடுகள் விட்டுவிட்டு வந்தன, 865.0625, 865.4025, 865.985 ஆகிய இடங்களில். இவை மூன்றும் லோரா என்ற, குறைந்த சக்தியில் தூரமாகப் பேசும் ரேடியோ முறைக்கு இந்தியாவில் அடிப்படையாக வைத்த சேனல்கள், அந்தச் சாய்வுக் கோடுதான் லோராவின் கைரேகை. கம்பத்தை நெருங்க நெருங்க வலுத்தது. அலை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், உள்ளே என்ன பேசுகிறது என்று பிரிக்கப் போகவில்லை, அது நம் வேலையும் இல்லை.

பெரியப்பாவிடம் இதைச் சொல்லும்போது மரியாதையாகச் சொல்லுங்கள். அவர் கேட்டதில் ஒன்று முழுக்க நியாயம்: நம் வீட்டு வாசலில் ஒன்றை மாட்டினால் அது என்ன என்று நமக்குச் சொல்லவேண்டாமா?

மார்ச் 5

அதற்கு வழி இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தரவேண்டும். பல தெருக்களில் கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு மாநகராட்சியுடையது. அதனால் கம்பத்தின் எண்ணை எழுதி, ‘இந்தக் கம்பத்தில் உள்ள சாம்பல் நிறப் பெட்டி யாருடையது, எந்த அனுமதியில் வைத்தது, என்ன தரவு சேர்க்கிறது, பழுதானால் யாரைக் கூப்பிடுவது’ என்று நான்கே கேள்வி கேளுங்கள். ‘கதிர்வீச்சு ஆபத்து உண்டா’ என்று கேட்காதீர்கள், அது கருத்து கேட்பது என்று திருப்பிவிடுவார்கள். கையிருப்பில் உள்ள தாளைக் கேட்டால்தான் தாள் வரும்.

மொபைல் டவர் பற்றிய சந்தேகம் என்றால் மனுவே வேண்டாம். தரங் சஞ்சார் என்ற அரசுத் தளத்தில் உங்கள் தெருவைச் சுற்றியுள்ள டவர்களைப் பார்க்கலாம்.

மார்ச் 20

கேமரா பயம் இன்னும் ஓயவில்லை போல. கேமராவுக்குக் கண்ணாடி முகம் இருந்தே ஆகவேண்டும், சாலையைப் பார்த்தபடி சாய்ந்திருக்கவேண்டும். வண்டி நம்பர் படிக்கும் கேமராவின் பக்கத்தில் சிவப்பாக மங்கலாக ஒளிரும் விளக்கு இரவில் தெரியலாம். முகமே இல்லாத பெட்டிக்கு எதையும் பார்க்க முடியாது. வெள்ளைத் தட்டுகளை அடுக்கின மாதிரி இருந்தால் காற்றின் வெப்பம், ஈரம் அளப்பது. காற்று மாசுக்கு முறையான நிலையம் சோனா கல்லூரியில் இருக்கிறது, அது ஒரு அறை அளவு. கம்பத்தில் வைப்பது சின்ன உணர்வி.

போன்களை எண்ணும் வைஃபை உணர்வி பற்றி ஒரு தங்கை கேட்டிருந்தார். அப்படிப்பட்டவை உலகில் உண்டு, போன் வைஃபை தேடும்போது விடும் அடையாள எண்ணைப் பிடிப்பார்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் நெட்வொர்க்கில் சேரும்போதும் பொய் எண்ணையே சொல்கின்றன. பழைய போன் வைத்திருந்தால் வெளியே போகும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள்.

ஏப்ரல் 19

மனுவுக்குப் பதில் வந்துவிட்டதாம். தெருவிளக்குக் கட்டுப்பாட்டுக் கருவி, தரவு விளக்கு பற்றியது மட்டும். கையெழுத்துக் காகிதத்தை இப்போது வேறு கோரிக்கையோடு கொடுத்திருக்கிறார்கள்: பெட்டிமேல் பெயரும் போன் நம்பரும் எழுதுங்கள், அக்கா வீட்டுச் சன்னலுக்கு எதிர் விளக்குக்கு மறைப்புப் போடுங்கள். எனக்கு மிகவும் சந்தோஷம்.

மே 11

கோடை விழாவுக்கு ஏற்காடு போனவர் ஒருவர், கொண்டை ஊசி வளைவு தாண்டி ஒரு லைட் கம்பத்தில் கிண்ணம் போன்ற டிஷ் இருக்கிறது, சேலத்தை வேவு பார்க்கிறதா என்று கேட்கிறார். இல்லை ஐயா, அது சேலத்தோடு கைகோக்கிறது. லேடீஸ் சீட்டில் நின்றால் ஊரே கீழே தெரிகிறதல்லவா, கண்ணுக்குத் தெரிந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கும் தெரியும். ரோட்டில் முப்பது கிலோமீட்டர் சுற்றினாலும் நேர்கோட்டில் பதினைந்துக்குள்தான். கீழே ஒரு டிஷ், மேலே ஒரு டிஷ், தங்கும் விடுதிக்கோ எஸ்டேட் அலுவலகத்துக்கோ இணையம் வந்துவிடும்.

மே 13

ஏற்காட்டு வாசகர் ஒருவர் தொடர்ந்து கேட்கிறார், மஞ்சு (மலை மூடுபனி) மூடினால் லிங்க் போய்விடாதா என்று. 5 கிகாஹெர்ட்ஸில் மஞ்சு ஒன்றுமே செய்யாது, மழைகூட அவ்வளவாகச் செய்யாது. 60, 80 கிகாஹெர்ட்ஸ் என்றால் மழை வெட்டிவிடும். மலையில் எங்களை அழவைப்பது சில்வர் ஓக். காபிக்கு நிழலாக வளர்க்கும் மரம், வேகமாக உயரும். லிங்க் போடும்போது தலைக்குக் கீழே இருக்கும், சில வருடத்தில் பாதையை மறைத்துவிடும். காய்ந்த இலை வழியாகக் கொஞ்சம் கசியும் சிக்னல், மழைக்குப் பிறகு இலை நனைந்ததும் விழுந்துவிடும். வாடிக்கையாளர் ‘மழையில் போச்சு’ என்பார். மழை நின்ற பின்னும் இலை காயும்வரை வராததைக் கவனித்தால் மரம்தான் காரணம் என்று தெரிந்துவிடும்.

மே 14

மரத்தை வெட்டச் சொல்லாதீர்கள், எஸ்டேட்டில் மிளகுக் கொடி அதில்தான் ஏறியிருக்கிறது. டிஷ்ஷை உயர்த்துங்கள். லைட் கம்பத்தைவிட விடுதி மாடியில் தனிக் குழாய் நட்டு வைப்பது நல்லது. இரண்டடி டிஷ் விடும் அலைக் கற்றையின் அகலம் ஐந்தாறு டிகிரிதான், காற்றில் கிளாம்ப் நழுவித் திரும்பினால் லிங்க் போச்சு. மலையில் இடி அதிகம், குழாய்க்கு எர்த் அடிக்காமல் விடாதீர்கள். வேறு வழியில்லாமல் கம்பத்தில்தான் வைக்கவேண்டும் என்றால் அனுமதி வாங்கிவிட்டு, டிஷ்ஷின் முதுகில் விடுதிப் பெயரையும் போன் நம்பரையும் பெயின்டில் எழுதிவிடுங்கள். ஸ்டிக்கர் அந்த ஈரத்தில் நிற்காது.